அப்பாவின் மளிகைக்கடையை மூடுகிறோம்: பழைய கணக்கு நோட்டுகளை என்ன செய்வது?

கரிசல்மகள்:
எல்லோருக்கும் வணக்கம். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் தாத்தா ஆரம்பித்த மளிகைக்கடையை வருகிற தை மாதத்தோடு மூடுகிறோம். அப்பாவுக்கு முட்டி வலி. தம்பி பெங்களூரில் செட்டிலாகிவிட்டான். சரக்கையெல்லாம் தெரிந்த கடைக்காரர்களிடம் தள்ளிவிட்டோம். மிஞ்சியிருப்பது பித்தளைத் தட்டுத் தராசு, இரும்புப் படிக்கற்கள், படி, உழக்கு, ஆழாக்கு, சாய்வு மூடி வைத்த பருப்புப் பெட்டிகள், அப்புறம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கணக்கு நோட்டுகள். தாத்தா எழுதியது, அப்பா எழுதியது எல்லாம் சேர்ந்து.

நோட்டுகளைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். எரித்துவிடு என்கிறார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை. பிரித்துப் பார்த்தால் மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘லாபம்’, பிறகு பற்று வரவு. தாத்தா கையெழுத்தில் கால், அரைக்கால், மாகாணி என்று பழைய குறிகள். ஆட்களின் பெயர்கூடக் கிடையாது: ‘கிணத்தடி வீடு’, ‘தபால்காரர் சம்சாரம்’, ‘பம்புசெட் தாத்தா’. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம் சனிக்கிழமை போடுவார்கள். வாரம் முழுக்கப் பற்று ஏறிக்கொண்டே போகும், சனிக்கிழமை ராத்திரி எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு கோடு விழும். கோடு விழாத பக்கங்களும் இருக்கின்றன.

யோசனை சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கடை ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

கல்லாப்பெட்டி:
தங்கச்சி, முதலில் அந்த நூல்கண்டு மாட்டும் கொக்கி இருக்கிறதா பாருங்கள். கூரையிலிருந்து தொங்குமே, அது. எல்லோரும் தராசைத்தான் ஷோகேஸில் வைக்கிறார்கள், கொக்கியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டம். எட்டாவது முடித்ததும் சென்னைக்குக் கடைப்பையனாக வந்தவன். முதல் மாதம் முழுக்கப் பொட்டலம் மட்டும்தான். தினசரித் தாளை அளவு பார்த்துக் கிழித்து அடுக்கி வைக்க வேண்டும். கடுகு ஐம்பது கிராமுக்கு ஒரு துண்டு, துவரம்பருப்பு அரைக்கிலோவுக்கு ஒரு துண்டு. இடது கையில் தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, நுனியை மடக்கி, தராசுத் தட்டை அப்படியே கவிழ்க்க வேண்டும். ஒரு பருப்பு கீழே விழக்கூடாது. வாயை மூன்று பக்கமும் உள்ளே மடித்து, மேலேயிருந்து வரும் நூலை இழுத்துக் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று. நூலைச் சும்மா இழுத்தால் அறாது, விரலைத்தான் அறுக்கும். கட்டைவிரல் நகத்துக்கு மேலே ஒரு வளையம் போட்டுச் சுண்ட வேண்டும். சத்தம் வரும், ‘டக்’. சத்தம் வராவிட்டால் முதலாளி திரும்பிப் பார்ப்பார்.

ராத்திரி கடையிலேயே படுக்கை, மூட்டை மேல். அரிசி மூட்டைக்குச் சண்டை நடக்கும். மிளகாய் மூட்டைப் பக்கம் புதுசாக வந்தவனுக்கு. விடிவதற்கு முன்னாடி கொத்தவால்சாவடி மொத்தச் சந்தைக்குப் போக வேண்டும். சம்பளம் கையில் வராது, முதலாளி நோட்டில் ஏறும். ஊரில் கோயில் கொடைக்குப் போகும்போது சட்டைத்துணியும் கொஞ்சம் காசும். சில வருஷம் கழித்து அந்த நோட்டுப் பணத்தோடு அவர் கொஞ்சம் போட்டு, சரக்கையும் கடனுக்கு எடுத்துக் கொடுத்து, ஒரு கடை வைத்துத் தருவார். என் கடை அப்படி வந்ததுதான். வைத்துத் தராமல் கணக்கையே மாற்றி எழுதினவர்களும் உண்டு. என்னோடு படுத்திருந்த ஒருவன் வெறுங்கையோடுதான் ஊர் திரும்பினான். நோட்டு அவன் கையில் இல்லையே.

ஆகவே எரிக்காதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நோட்டுதான் சாட்சி.

கொள்ளிடக்கரை:
எங்கள் பக்கம் வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அறுவடைக் கணக்குதான். குறுவை வந்தால் பாதி, சம்பா வந்தால் மீதி. மழை ஏமாற்றினால் அடுத்த வருஷம். பல வீட்டில் காசுக்குப் பதில் நெல்லே கடைக்குப் போகும். கடைக்காரச் செட்டியார் மரக்காலில் அளப்பார். முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. நீங்கள் நோட்டில் பார்த்த லாபமும் அதுதான். எங்கள் பாட்டி முற்றத்தில் உட்கார்ந்தபடி, ‘லாபம் யாருக்குச் செட்டியாரே?’ என்று கேட்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் மரக்கால் தலையைத் தட்டி வழித்துத்தான் அளப்பார், கூம்பாக விடமாட்டார்.

இன்னொன்று, விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் தரமாட்டார்கள். அம்மா சமையல் நடுவில் உப்பு தீர்ந்துவிட்டதென்று என்னை விரட்டுவாள். நான் ஓடுவதற்குள் செட்டியார் கடையில் ஊதுபத்தி ஏற்றியிருப்பார். போச்சு. பக்கத்து வீட்டிலும் கேட்க முடியாது, அவர்களுக்கும் அதே நம்பிக்கை. அன்றைக்கு ஊறுகாய்தான் துணை.

சாஷே_தலைமுறை:
பெரியவர்கள் நடுவில் ஒரு தொண்ணூறுகள் குரல். எனக்குப் படியும் தெரியாது மரக்காலும் தெரியாது. கடை என்றால் மேலேயிருந்து தோரணமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பு சாஷேயைப் பழக்கிவிட்டார், 1983இல் அவர் மகன் தொடங்கிய சிக் ஷாம்பு ஊர் ஊராகப் போனது என்று பின்னாளில் படித்தேன். சிகைக்காய்ப் பொட்டலம் வாங்கின வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரே பாக்கெட்டை மூன்று பேருக்குப் பிரித்துப் போட்டார்கள்.

அதற்கு அந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டுத் தோரணம். 2003இல் அரசு தடை செய்யும் வரைக்கும் எங்கள் பெட்டிக்கடையின் முகமே அதுதான். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி லாட்டரி: ஒரு அட்டை நிறையச் சின்னச் சின்னத் தாள். காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே எண் இருக்கும். அதற்கு ஒரு பலூனோ, மோதிரமோ, பெரும்பாலும் ஒரு பல்லி மிட்டாயோ. மேலே தொங்கும் பெரிய பலூன் யாருக்கும் விழுந்து நான் பார்த்ததில்லை. கடை மூலையில் பீடி பற்றவைக்க ஒரு கயிறு புகைந்துகொண்டே கிடக்கும். அந்த வாசனையும் பன்னீர் சோடா வாசனையும் கலந்து வந்தால் இப்போதும் பள்ளிக்கூட லீவு மாதிரி இருக்கிறது.

ஒரு சந்தேகம். இருபது பைசா ஆறு முனையா, மூன்று பைசா ஆறு முனையா? வீட்டில் பந்தயம்.

கொள்ளிடக்கரை:
இரண்டுமே. மூன்று பைசா முதலில் வந்தது, 1964இல். குட்டி அலுமினியக் காசு. இருபது பைசா அலுமினியத்தில் வந்தது 1980களில். அதற்கு முன்னால் பித்தளை நிறத்தில் தாமரை போட்ட ஒரு இருபது பைசா உண்டு. எங்கள் அம்மா பூஜைக்கு என்று நூற்றெட்டு சேர்த்து வைத்திருந்தாள், கடைக்குத் தரவே மாட்டாள். விளிம்பு நெளிநெளியாக இருந்தது பத்து பைசா. 25 பைசா வரைக்கும் எல்லாமே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது.

கரிசல்மகள்:
அப்பாவிடம் வாசித்தேன். கடைப்பையன் பதிவுக்கு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு காசுக் கதைக்கு வந்துவிட்டார்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது தாத்தா கடையில் அணா-பைசா மாற்று அட்டவணை ஒட்டியிருந்ததாம். 1 அணாவுக்கு 6 பைசா, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25. பள்ளிக்கூடமே போகாத ஒரு ஆத்தா அதை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாலணாச் சாமானை ஒருநாளும் மொத்தமாக வாங்க மாட்டாராம். ஓரணாவுக்கு மல்லி, காசைக் கொடுப்பார். ஓரணாவுக்கு வத்தல், காசைக் கொடுப்பார். இப்படி நாலு தடவை. 24 பைசாவில் முடிந்துவிடும். தாத்தாவுக்குக் கோபம் வந்தாலும் அட்டவணை அரசாங்கம் போட்டது, என்ன செய்ய முடியும்? கடைசியில் அவரைப் பார்த்ததுமே 24க்கு ஒத்துக்கொண்டாராம், நாலு பொட்டல நூலாவது மிஞ்சட்டும் என்று.

ஓரத்திலிருந்து:
பேச்சு நன்றாகப் போகிறது. கெடுப்பதற்காக எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பாதிக் கடைதான் சொன்னதாகும்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடையின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. வைகைக் கரை ஓரத்து ஊர். கடைக்கு முன்னால் ஒரு பலகை. காசை அதில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர் காசின் மேல் தண்ணீர் தெளித்து எடுப்பார். பொட்டலத்தைக் கையில் தரமாட்டார், முந்தானையில் போடுவார். சில நாள் குறி தப்பிக் கீழே விழுந்து பொட்டலம் உடையும். உடைந்தால் நம் பாடு. அம்மா குனிந்து மண்ணோடு பருப்பு பொறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் வந்தால் அவர்களுக்கு முதலில். நாங்கள் எத்தனை நேரம் நின்றாலும் சரி.

ஊர்க் கடை என்றாலே கொசுறு, கறிவேப்பிலை, கையில் ஒரு அச்சு வெல்லம் என்று மற்றவர்கள் பேசும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்தப் பலகைதான். அம்மாவுக்குக் கடன் மட்டும் கிடைத்தது, அதைச் சொல்ல வேண்டும். கடன் எழுதுவதற்கு யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை.

சாஷே வந்ததும், நாமே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் வந்ததும் பழைய கடை போயிற்றே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. முதன்முதலில் டவுனில் ஒரு பெரிய கடையில் என் கையாலேயே அலமாரியிலிருந்து ஒரு சோப்பை எடுத்து, முகர்ந்து பார்த்து, திரும்ப வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கரிசல்மகள்:
கெடுக்கவில்லை. எழுதியதற்கு நன்றி. அப்பாவுக்கு இதையும் வாசித்தேன்.

எங்கள் கடையிலும் பலகை இருந்தது. தாத்தா காலத்தில் எதற்கு என்று எனக்குத் தெரியும். அப்பா அதை எடுத்ததாகச் சொல்கிறார். எடுத்த வருஷம் அவருக்கு ஞாபகமில்லை. அம்மா சமையலறையிலிருந்தே, ‘எடுக்கல, செல்லரிச்சுப் போச்சு’ என்றாள். நான் இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. நோட்டில் ‘மகமை’ என்று தனிப் பத்தி இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி உறவின்முறை, அதாவது எங்கள் சாதிச் சங்கத்தின், பொதுக் காசில் சேர்ப்பது. விருதுநகரில் 1889இல் ஆரம்பித்த சத்திரிய வித்தியாசாலை இப்படிச் சேர்ந்த காசிலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளிக்கூடம்தான். காமராஜர் படித்தது அங்கே. அந்தப் பெருமையை எங்கள் வீட்டில் சோறு மாதிரி ஊட்டி வளர்த்தார்கள். ஒரு காலத்தில் எங்களையே கோயிலுக்குள் விடாதவர்களை எதிர்த்துச் சிறுகச் சிறுகக் காசு சேர்த்தவர்கள், தங்கள் கடை வாசலில் ஒரு பலகையும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நோட்டுக்குள் இருக்கிறது. பலகைக்கு மட்டும் பத்தி இல்லை.

வடமராட்சியான்:
அக்கா, வாசித்துக்கொண்டே வந்தேன். யாழ்ப்பாணப் பக்கம் எங்கட ஊரில் முடக்குக்கு, அதாவது தெரு முனைக்கு, ஒரு கடை, அதைவிடச் சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடை. பங்கீட்டு அட்டைக்குச் சீனியும் மாவும் சங்கக்கடையில். மற்றதெல்லாம் முடக்குக் கடையில். போத்தலுக்குள் தோடம்பழ இனிப்பு, கடைக்கு முன்னால் வாழைக்குலை.

என்ர சின்ன வயசு என்பது 1990க்குப் பிறகு. பொருளாதாரத் தடை. கடை இருக்கும், கடைக்காரர் இருப்பார், சாமான் இராது. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் போட்டுச் செய்த விளக்கில்தான் படித்தோம். முழுப் போத்தல் எண்ணெய் வாங்கின ஆளை நான் காணவில்லை, ஒரு சின்ன முகவையால் அளந்து ஊற்றுவார். சவர்க்காரம் தட்டுப்பாடு என்று அம்மா பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தா. பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்பது. சீனி இல்லாத நாளில் ஒரு குட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) பனங்கட்டி வாங்கி, ஒரு கடி, ஒரு மிடறு தேத்தண்ணி.

எங்கட கடைக்காரரிடமும் கொப்பி இருந்தது. 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கொப்பியை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் எங்கட அப்பாவைக் கண்டு, ‘மாஸ்டர், உங்கட கணக்கு முந்நூற்றுச் சொச்சம்’ என்றார். அப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. குடுக்கவும் செய்தார்.

முத்திரைக்காரர்:
ஓய்வு பெற்ற எடையளவு ஆய்வாளர். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையில் வரும். நான் வந்தால் கடைவீதியில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும்.

கரிசல்மகள் அம்மா, உங்கள் படிக்கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு குழி, அதில் ஈயம் அடைத்திருக்கும். எடை சரி பார்த்து, கூடினால் ஈயத்தைச் சுரண்டி, குறைந்தால் சேர்த்து, அதன் மேல் முத்திரை அடிப்போம். வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும், காலாண்டுக்கு ஒரு எழுத்தும் இருக்கும். எத்தனை வருஷம் அந்தக் கல் ஒழுங்காக வந்தது என்று அதிலேயே ஓரளவு தெரியும்.

ஏமாற்று வேலையும் அந்த ஈயத்தில்தான். தோண்டி எடுத்துவிட்டு மேலே மெழுகைப் பூசி மையைத் தடவிவிடுவார்கள். சரக்குத் தட்டுக்கு அடியில் ஒரு உருண்டை புளி ஒட்டுவது இன்னொன்று. கையில் ஒட்டும், கண்ணில் படாது. எண்ணெய் அளக்கும் குவளையின் அடியைச் சுத்தியலால் உள்ளே ஒடுக்கிவிடுவார்கள், கேட்டால் ‘கீழே விழுந்திருச்சுங்க ஐயா’. எல்லாக் குவளையும் ஒரே இடத்திலா விழும்?

ஆனால் இதையும் எழுதுகிறேன். 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் படிப்படியாக வந்தது. சட்டம் மாறியும் கிராமத்தில் ரொம்ப நாள் வீசைதான் பேச்சு. 40 பலம் ஒரு வீசை, கிலோவில் 1.4. பாட்டிமார் ‘அரை வீசை புளி’ என்று கேட்பார்கள், கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டு 700 கிராம் நிறுத்துக் கொடுப்பார். அதில் ஏமாற்ற எவ்வளவோ இடம் இருந்தது. சரியாக நிறுத்துக் கொடுத்தவர்களையும் நிறையப் பார்த்தேன். அவர்கள் கடையில் எனக்கு வேலை இருக்காது, டீ மட்டும் கிடைக்கும். டீயை நான் குடித்ததில்லை, அது வேறு விஷயம்.

சாஷே_தலைமுறை:
ஐயா, டீ குடிக்காத ஆய்வாளரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். :)

நோட்டுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமே? நான் வேண்டுமானால் உதவுகிறேன்.

ஓரத்திலிருந்து:
இணையத்தில் வேண்டாம். யார் வீட்டில் எந்த மாதம் அரிசி வாங்கக் காசில்லை என்பது அதில் இருக்கிறது. ‘கிணத்தடி வீடு’ என்றால் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தானே இருப்பார்கள். கோடு விழாத பக்கத்தைப் பார்த்துவிட்டு எவனாவது ‘உங்க தாத்தா பாக்கி’ என்று ஆரம்பிப்பான்.

கல்லாப்பெட்டி:
தம்பி சொல்வது சரி. எரிக்காதே என்று நான் சொன்னேன், ஊர் முன்னால் விரித்து வை என்று சொல்லவில்லை.

கொள்ளிடக்கரை:
சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. புத்தகங்களோடு துண்டு நோட்டீஸ் வரைக்கும் சேகரித்தவர் அவர். கேட்டுப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் இத்தனை வருஷம் யாருக்கும் திறந்து காட்டக்கூடாது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். விலைவாசி ஆராய்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். எந்த மாதம் எண்ணெய் என்ன விலை, பஞ்ச காலத்தில் எதை வாங்கவில்லை என்று எந்த அரசுக் கணக்கிலும் வீடு வாரியாகக் கிடைக்காது.

கரிசல்மகள்:
அப்பாவோடு உட்கார்ந்து பேசினோம். தாத்தா எழுதிய நோட்டுகளுக்கு நூலகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன், அடைத்து வைக்கும் நிபந்தனையோடு. அந்த ஆட்கள் யாரும் இப்போது இல்லை. அப்பா எழுதியதில் கடைசிப் பத்து வருஷத்தை அவர் விருப்பப்படி எரித்துவிடலாம் என்று முடிவு. அதில் பாக்கி வைத்தவர்கள் தினமும் எதிரே வருகிறார்கள், அப்பாவுக்கு அது சங்கடம். நடுவில் உள்ளவை பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. அம்மா மட்டும் தன் பிறந்த வீட்டுப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்கிறாள், எதற்கென்று சொல்லவில்லை.

முத்திரைக்காரர் ஐயா, கற்களைக் கவிழ்த்தோம். ஈயம் எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டு கிலோ கல்லில் எண் தேய்ந்துவிட்டது. பெட்டியின் அடியில் ஒரு வீசைக் கல்லும் கிடைத்தது, அதில் முத்திரையே இல்லை.

முத்திரைக்காரர்:
பழைய வீசைக் கல்லை இப்போது யாரும் பறிமுதல் செய்ய மாட்டார்கள், பயப்படாமல் வையுங்கள். தேய்ந்த எண்ணின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, ஈரத் துணியால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். பள்ளத்தில் வெள்ளை நிற்கும், படிக்க முடியும். உப்புத்தாள் மட்டும் போட வேண்டாம்.

கல்லாப்பெட்டி:
பித்தளைத் தட்டுக்குப் புளியும் சாம்பலும் போதும், கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் தொடாதீர்கள். சங்கிலியைக் கழற்றித் தேய்க்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதீர்கள், வலது இடது மாறிவிட்டால் முள் நடுவில் நிற்காது. அப்புறம், கொக்கி இருக்கிறதா என்று கேட்டேனே, சொல்லவே இல்லை.

கரிசல்மகள்:
இருக்கிறது அண்ணாச்சி. கொசுவலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.